ஒரு பீரங்கிக்கு எத்தனை பெயர்?



பீரங்கி என்றதும் நம் கண்முன் வருவது கோட்டைவாசல். அங்கே துருப்பிடித்துக் கிடக்கும் இரும்புக் குழாய். அதன்மேல் ஏறி விளையாடும் பிள்ளைகள். நான் இன்று பேச வந்தது அந்தப் பீரங்கியைப் பற்றி அல்ல. துண்டு துண்டாகக் கழற்றி, கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றி, மலை மேல் கொண்டுபோய், மறுபடி பூட்டிச் சுடுகிற மலைப் பீரங்கியைப் பற்றி. அதிலும் 1918க்கும் 1939க்கும் இடையில், ஒரு பெரும்போர் ஓய்ந்து அடுத்தது மூள்வதற்குள், அவற்றை விற்றவர் யார், வாங்கியவர் யார்? இன்று ஒரு பழைய புகைப்படத்திலோ, ஏதோ ஒரு நாட்டு அருங்காட்சியக முற்றத்திலோ அப்படி ஒன்றைக் கண்டால், அது எங்கே பிறந்தது என்று எப்படிச் சொல்வது? இதுதான் பேச்சு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பீரங்கியின் பெயரை நம்பாதீர்கள். பெயர் என்பது கடைசியாகக் கையில் வைத்திருந்தவன் வைத்தது. ஊர் தெரிய வேண்டுமானால் இரும்பைப் பாருங்கள்.

முதலில் கழுதையிலிருந்து தொடங்குவோம். ஏனென்றால் இந்தப் பீரங்கியை வடிவமைத்தது பொறியாளர் பாதி, கழுதை பாதி. பிரான்சின் ஷ்னைடர் கம்பெனி செய்த 1919 மாதிரி 75 மில்லிமீட்டர் மலைப் பீரங்கி சுமார் 660 கிலோ. அது ஏழு சுமைகளாகப் பிரியும். பிரிட்டிஷ்காரர்களின் 3.7 அங்குல மலைப் பீரங்கி சுமார் 730 கிலோ. எட்டுச் சுமை. ஜப்பானியர் 1934இல் கொண்டுவந்த 94ஆம் வகை சுமார் 536 கிலோ. அதை ஆறு குதிரைகள் சுமந்தன. வகுத்துப் பாருங்கள். ஒரு விலங்குக்கு எவ்வளவு வருகிறது? 94 கிலோ, 91 கிலோ, 89 கிலோ! மூன்று நாடுகள், மூன்று தொழிற்சாலைகள், ஒருவரை ஒருவர் கேட்டுச் செய்யவில்லை. ஆனாலும் கணக்கு ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. சுமக்கும் விலங்கின் முதுகெலும்பு எல்லா நாட்டிலும் ஒன்றுதானே!

இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மலைப் பீரங்கி ஏன் எல்லாம் ஒன்றுபோலத் தெரிகிறது என்பதற்கு இதுவே காரணம். குட்டையான குழல், சிறிய சக்கரம், மெல்லிய கவசத் தகடு, பின்னால் தரையில் ஊன்றும், நடுவில் கழற்றக்கூடிய வால். எடையின் கட்டாயம் எல்லாரையும் ஒரே வடிவத்துக்குத் தள்ளியது. ஆகவே தூரத்திலிருந்து எடுத்த புகைப்படத்தைப் பார்த்து, "இது ஜப்பானியப் பீரங்கி, இது ஸ்கோடா" என்று துணிந்து சொல்கிறவரைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

சரி, விற்றவர் யார்?

1919இல் வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனியின் ஆயுத ஏற்றுமதிக்குத் தடை போட்டது. உலகத்துக்கே பீரங்கி விற்ற குருப் கம்பெனி கடையைச் சாத்தியது. சாத்தியதா? முன்வாசலைச் சாத்தியது. பின்வாசல் சுவீடனில் திறந்தது. போஃபர்ஸ் கம்பெனியில் குருப்புக்குக் கணிசமான பங்கு இருந்தது. குருப்பின் பொறியாளர்கள் அங்கே வேலை செய்தார்கள். போஃபர்ஸ் என்ற பெயர் நம் நாட்டில் வேறு காரணத்துக்காகப் பிரபலம். அது 1980களின் கதை, இன்று வேண்டாம். அந்த போஃபர்ஸ் 1930களில் செய்த 75 மில்லிமீட்டர் மலைப் பீரங்கி எங்கெங்கே போயிற்று? சீனாவுக்குப் போயிற்று. கிழக்கிந்தியத் தீவுகளில் இருந்த டச்சுப் படைக்குப் போயிற்று. சுவிட்சர்லாந்து உரிமம் வாங்கித் தன் நாட்டிலேயே செய்துகொண்டது. பெல்ஜியம் ஆர்டென் காட்டுப் படைக்கு வாங்கியது. அங்கே கழுதையே இல்லை, வண்டியில் கட்டி இழுத்தார்கள். பிரித்துச் சுமப்பதற்கென்று பிறந்த பீரங்கி, பிரிக்காமலே வாழ்ந்தது.

பிரான்சில் ஷ்னைடர். செக்கோஸ்லோவாக்கியாவில் ஸ்கோடா. இன்று நம் சாலைகளில் ஓடும் காரின் பெயரும் அதுதான். அந்தக் கார்க் கம்பெனியை 1925இல் தன்னோடு சேர்த்துக்கொண்டது பில்சன் நகரத்து இந்தப் பீரங்கித் தொழிற்சாலைதான். ஷ்னைடரும் ஸ்கோடாவும் போட்டியாளர்கள் என்றுதானே நினைப்போம்? வாங்க வந்த தளபதிகளும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஆனால் முதல் உலகப் போர் முடிந்த கையோடு ஷ்னைடர் ஸ்கோடாவின் பங்குகளை வாங்கி, அதன் பிடியைக் கையில் எடுத்துக்கொண்டது. 1938 இறுதியில்தான் விட்டது. ஒரு சிறிய நாட்டின் அமைச்சர் இரண்டு கம்பெனிகளிடமும் விலை கேட்டு, பேரம் பேசி, ஒன்றை விட்டு மற்றொன்றிடம் வாங்கினால், லாபத்தின் ஒரு பகுதி பெரும்பாலும் ஒரே பெட்டிக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

யூகோஸ்லாவியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஷ்னைடரின் 1919 மாதிரியும் அதனிடம் இருந்தது. ஸ்கோடாவின் 1928 மாதிரியும் இருந்தது. இந்த 1928 மாதிரிக்கு ஒரு வேடிக்கை உண்டு. ஒரே வண்டி, அதில் 75 மில்லிமீட்டர் குழலையும் பூட்டலாம், 90 மில்லிமீட்டர் குழலையும் பூட்டலாம். வண்டியைப் பார்த்துப் பீரங்கியை அடையாளம் சொல்கிறவருக்கு ஸ்கோடா வைத்த பொறி இது.

பிரிட்டனில் விக்கர்ஸ். பிரிட்டிஷ் ராணுவத்தின் 3.7 அங்குலப் பீரங்கியை நான் இந்தச் சந்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. அது பெரும்பாலும் பேரரசுக்குள்ளேயே இடம் மாறியது. ஆனாலும் நம் நாட்டோடு அதற்குள்ள உறவைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு இந்தியச் சிப்பாய் கையில் பீரங்கி கொடுக்க வெள்ளைக்காரர்களுக்குப் பயம். விதிவிலக்காக விட்டது வடமேற்கு எல்லையின் மலைப் பீரங்கிப் பிரிவுகளைத்தான். அவற்றில் சீக்கியரும் பஞ்சாபி முஸ்லிம்களும் சுட்டார்கள். 1915 ஏப்ரலில் கலிப்போலியில், ஆஸ்திரேலியரும் நியூசிலாந்துக்காரரும் இறங்கிய கரையில், இந்திய மலைப் பீரங்கிப் படை கழுதைகளோடு இறங்கியது. பிற்பாடு அந்தப் படைகளின் கைக்கு வந்ததுதான் 3.7 அங்குலம். இரண்டாகப் பிரிந்து விரியும் வால் அதற்கு ஓர் அடையாளம். எல்லைப்புற மலைகளிலும் பிறகு பர்மாக் காடுகளிலும் அது முழங்கியது.

இப்போது பெயர்களுக்கு வருவோம். இங்கேதான் குழப்பமும் இருக்கிறது, கொண்டாட்டமும் இருக்கிறது.

ஸ்கோடா தொழிற்சாலை 1915இல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்கு ஒரு மலைப் பீரங்கி செய்து கொடுத்தது. 75 மில்லிமீட்டர், சுமார் 613 கிலோ. அருமையான பீரங்கி. ஆல்ப்ஸ் மலைகளில் இத்தாலியர்களை நோக்கிச் சுட்டது. மூன்று ஆண்டில் அந்தப் பேரரசே உடைந்து சிதறியது. பீரங்கி என்ன ஆயிற்று? யாரை நோக்கிச் சுட்டதோ அந்த இத்தாலியர்களிடமே ஏராளமாகப் போய்ச் சேர்ந்தது. அவர்கள் வைத்த பெயர் 75/13. குழலின் விட்டம் 75 மில்லிமீட்டர், நீளம் அந்த விட்டத்தைப் போல் 13 மடங்கு. செக்கோஸ்லோவாக்கியாவில் அது 15ஆம் மாதிரி மலைப் பீரங்கி. ஆஸ்திரியாவில் மிஞ்சியதை 1938இல் ஹிட்லரின் படை எடுத்துக்கொண்டு ஜெர்மன் பெயர் சூட்டியது. 1940 அக்டோபரில் முசோலினி கிரேக்கத்தின் மேல் பாய்ந்தார் அல்லவா? பிண்டஸ் மலைகளில் கிரேக்கர்கள் இத்தாலியர்களை விரட்டி, அவர்கள் விட்டுப் போன பீரங்கிகளை எடுத்துத் திருப்பிச் சுட்டார்கள். 1943இல் இத்தாலி சரணடைந்தபோது, ஜெர்மானியர்கள் இத்தாலியர் கையில் இருந்தவற்றையும் பறித்தார்கள். பறித்து என்ன பெயர் வைத்தார்கள்? 259, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'ஐ' என்ற எழுத்து. இத்தாலியப் பொருள் என்று பொருள்!

ஆஸ்திரியாவில் கிடைத்தால் ஒரு பெயர். இத்தாலியில் கிடைத்தால் வேறு பெயர். இரண்டும் ஒரே தொழிற்சாலையில் பிறந்த ஒரே பீரங்கி. ஷ்னைடரின் 1919 மாதிரிக்கும் இதே கதி. பிரான்சில் பிடித்ததற்கு 237, 'எஃப்'. யூகோஸ்லாவியாவில் பிடித்ததற்கு 283, 'ஜே'. இந்த எண்களைப் படித்துவிட்டு இரண்டு வேறு பீரங்கிகள் என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஜெர்மன் அலுவலர்கள் முட்டாள்கள் அல்ல. அவர்களுக்கு வேண்டியது வரலாறு அல்ல. குண்டும் உதிரிப் பாகமும் எந்தக் கிடங்கிலிருந்து வரும் என்ற தகவல். அந்த வேலைக்கு அது சரியான பெயர். நம் வேலைக்கு அது சரியான பெயர் அல்ல.

கிழக்கே போனால் குழப்பம் நாட்காட்டிக்குள் நுழைகிறது. ஜப்பானிய 41ஆம் வகை மலைப் பீரங்கி, 94ஆம் வகை மலைப் பீரங்கி. இரண்டுக்கும் நடுவே 53 ஆண்டு என்று தோன்றுகிறதா? இல்லை, 26 ஆண்டுதான். 41 என்பது மெய்ஜி பேரரசரின் 41ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1908. 94 என்பது ஜப்பானியப் பேரரசு தோன்றியதாக அவர்கள் கொண்ட கணக்கில் 2594ஆம் ஆண்டு, அதாவது 1934. இடையில் கணக்கிடும் முறையையே மாற்றிவிட்டார்கள். அந்த 41ஆம் வகை, குருப் வடிவமைப்பை உரிமம் பெற்றுச் செய்தது. அதைப் பார்த்துச் சீனாவின் ஷான்ஷி மாகாணத்தில், யென் ஷிஷான் என்ற படைத்தலைவரின் தையுவான் ஆயுதச்சாலை ஒரு நகல் செய்தது. அதன் பெயர் 13ஆம் வகை. இது எந்த 13? சீனக் குடியரசின் 13ஆம் ஆண்டு, 1924. ஆக ஜெர்மன் மூளை, ஜப்பானியக் கை, சீன நகல். 1937இல் போர் மூண்டபோது ஜப்பானியப் படையும் சீனப் படையும் ஏறத்தாழ ஒரே பீரங்கியை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் சுட்டார்கள். அந்தக் களத்தில் எடுத்த படத்தில் சீருடை தெரியவில்லை என்றால் என்ன சொல்வீர்கள்?

சீருடை தெரியாவிட்டாலும் பீரங்கி சில விஷயங்களைச் சொல்லும். எப்படி என்று கேளுங்கள்.

ஒரு மலைப் பீரங்கி முன்னால் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வண்ணத்தைப் பார்க்காதீர்கள், அதைப் பூசியது அருங்காட்சியகக் காவலாளியாக இருக்கலாம். சக்கரத்தையும் நம்பாதீர்கள். மரச் சக்கரம் உளுத்துப் போகும், வேறொன்றைப் பூட்டுவார்கள். 3.7 அங்குலத்துக்கே முதலில் மரச் சக்கரம், பிறகு காற்றடைத்த டயர். கவசத் தகடு இல்லையே என்றும் யோசிக்க வேண்டாம். எடையைக் குறைக்கத் தகட்டைக் கழற்றி வீசிவிட்டு மலையேறிய படைகள் பல.

பின்பக்கம் போங்கள். குண்டு நுழைகிற பின்வாய்ப் பூட்டைப் பாருங்கள். பிரெஞ்சுப் பீரங்கிகளில் அநேகமாகத் திருகுப் பூட்டு. கதவைப் போல் வெளியே திறக்கும், அதன் உடம்பில் விட்டுவிட்டு மரை வெட்டியிருக்கும். குருப் வழியிலும் ஸ்கோடா வழியிலும் ஆப்புப் பூட்டு. ஓர் இரும்புக் கட்டி பக்கவாட்டில் நகரும். இதை வைத்தே பாதி வழக்கு தீர்ந்துவிடும். பாதிதான்! ஏனென்றால் அந்த ஜப்பானிய 41ஆம் வகை குருப்பின் வாரிசாக இருந்தும் திருகுப் பூட்டு கொண்டது. அதன் தம்பி 94ஆம் வகைக்கோ ஆப்புப் பூட்டு, விரியும் வால். இரண்டும் ஒன்றாக நிற்கும் படங்களில் வாலும் பூட்டும் தெரிந்தால் குழப்பமே இல்லை.

அடுத்து குழலின் விட்டத்தை அளந்து பாருங்கள். 75 மில்லிமீட்டரா, 76.2 மில்லிமீட்டரா? வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். ஆனால் 76.2 என்றால் ரஷ்யாவை நினைத்துக்கொள்ளுங்கள். ரஷ்யர்களின் மூன்று அங்குலம் அது.

பிறகு எழுத்துகள். நம் வீடுகளில் சீராக வந்த பித்தளைக் குடத்தில் பெயர் வெட்டியிருப்பார்கள் அல்லவா? கொடுத்தவர் பெயர் ஒன்று, அது கைமாறிய வீட்டில் வெட்டிய பெயர் இன்னொன்று, அடியிலே பாத்திரக்கடை முத்திரை. பீரங்கியும் அப்படித்தான். செய்தவன் பெயர் பூட்டின் அருகே இருக்கும். வாங்கிய நாட்டின் சின்னம் குழலின் மேல் இருக்கும். தூரக் குறியீட்டுத் தகடு வாங்கியவன் மொழியில் இருக்கும். பறித்தவன் எண் எங்காவது ஓரத்தில் பெயிண்டில் இருக்கும். எல்லாவற்றையும் படியுங்கள், எதையும் தனியாக நம்பாதீர்கள்.

இதில் மலைப் பீரங்கிக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. வயல்வெளிப் பீரங்கியைப் பிரிப்பது அரிது. மலைப் பீரங்கி தினமும் பிரியும், தினமும் சேரும். இருட்டில், பனியில், எதிரி குண்டு விழும்போது சேரும். ஒரு கழுதை பள்ளத்தில் விழுந்தால் அதன் சுமையும் போயிற்று, வேறு பீரங்கியின் துண்டை எடுத்துப் பூட்டுவார்கள். ஆகவே குழலின் வரிசை எண்ணையும், குழலைத் தாங்கும் தொட்டிலின் எண்ணையும், வாலின் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றும் வேறு வேறாக இருந்தால் அதிர்ச்சியடைய வேண்டாம். அந்தப் பீரங்கி உண்மையாகவே உழைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றும் ஒன்றாக இருந்தால், அது கிடங்கை விட்டு அதிகம் வெளியே போகவில்லையோ என்று எனக்குச் சந்தேகம் வரும்.

இவ்வளவு பாடு எதற்கு? ஏடுகளைப் பார்த்தால் தெரிந்துவிடாதா? நல்ல கேள்வி. ஐ.நா. சபைக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் ஜெனிவாவிலிருந்து ஆயுத வணிகப் புள்ளிவிவரங்களை ஆண்டுதோறும் வெளியிட்டது. நாடுகள் தாமாகக் கொடுத்த கணக்கு அது. எந்தக் கம்பெனியின் எந்த மாதிரி யாருக்குப் போயிற்று என்பது அதிலிருந்து தெரியாது. 1925இல் ஆயுத வணிகத்தைக் கட்டுப்படுத்த ஜெனிவாவில் ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். அது கடைசிவரை நடைமுறைக்கு வரவே இல்லை. அதே மாநாட்டில் பிறந்த நச்சுவாயுத் தடை உடன்படிக்கை மட்டும் பிழைத்தது. 1930களின் நடுவில் அமெரிக்க செனட்டும் பிரிட்டிஷ் அரசும் தனியார் ஆயுத வியாபாரத்தை விசாரிக்கக் குழுக்கள் வைத்தன. பக்கம் பக்கமாகச் சாட்சியம் வந்தது. வியாபாரம் நிற்கவில்லை.

அந்த வியாபாரம் எங்கே போய் முடிந்தது என்று பார்க்க, தென் அமெரிக்காவுக்கு வாருங்கள். பொலிவியாவும் பராகுவேயும் 1932 முதல் 1935 வரை சாக்கோ என்ற நிலத்துக்காகப் போரிட்டன. பொலிவியா 1926இலேயே விக்கர்ஸோடு பெரிய ஒப்பந்தம் போட்டு ஆயுதம் வாங்கியது. பராகுவே ஷ்னைடரிடம் 75, 105 மில்லிமீட்டர் மலைப் பீரங்கிகளை வாங்கியது. பொலிவியப் படையை நடத்தியவர் ஹான்ஸ் குண்ட் என்ற ஜெர்மன் தளபதி. ஆங்கிலப் பீரங்கி, பிரெஞ்சுப் பீரங்கி, ஜெர்மன் தளபதி! செத்தவர்கள் மட்டும் அந்த இரண்டு ஏழை நாட்டின் பிள்ளைகள்.

சாக்கோவில் மலை இருக்கிறதா? இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் முள்காடு, புழுதி, தண்ணீர்ப் பஞ்சம். பிறகு மலைப் பீரங்கி எதற்கு? அங்கே சாலை இல்லை. சாலை இல்லாத எந்த இடமும் ஒரு வகையில் மலைதான் என்று பீரங்கி விற்பவர்களுக்குத் தெரியும். ஏழை அரசுகளுக்கு அதன் விலையும் எட்டியது. 1932 செப்டம்பரில் பொக்கெரோன் கோட்டையைப் பராகுவே முற்றுகையிட்டு வீழ்த்தியது. 1933 டிசம்பரில் காம்போ வியா என்ற இடத்தில் பொலிவியப் படையின் பெரும்பகுதி வளைக்கப்பட்டுச் சரணடைந்தது. விக்கர்ஸ் பீரங்கிகள் பராகுவேக்காரர் கைக்குப் போயின. பொலிவியா பணம் கொடுத்து வாங்கிய பீரங்கியே பொலிவியாவை நோக்கித் திரும்பியது. சர்வதேச சங்கம் ஆயுதத் தடை கொண்டுவந்தது 1934இல். பெரும் படுகொலைகளில் பல அதற்குள் நடந்து முடிந்திருந்தன. இன்று பராகுவேயில் ஒரு விக்கர்ஸ் பீரங்கியைப் பார்த்து, பராகுவே அதை விக்கர்ஸிடம் வாங்கியது என்று எழுதினால் எவ்வளவு பெரிய தவறு!

நேரம் ஆகிவிட்டது, ஒரே ஒரு வழக்கைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மிகவும் பிடித்த வழக்கு.

பனகியோடிஸ் டாங்க்லிஸ் என்று ஒரு கிரேக்கப் பீரங்கிப்படை அதிகாரி. பிரித்துச் சுமக்கக்கூடிய மலைப் பீரங்கிக்கு ஒரு திட்டம் வரைந்தார். அதை ஷ்னைடர் இரும்பில் வார்த்தது. கிரேக்கப் படை வாங்கியது. ரஷ்யா அதைத் தன் மூன்று அங்குல விட்டத்துக்கு மாற்றி, பீட்டர்ஸ்பர்க்கின் புட்டிலோவ் ஆலையில் 1909 மாதிரி என்று செய்தது. புரட்சி வந்தது, ஜார் போனார், பீரங்கி செம்படையோடு இருந்துவிட்டது. 1930களில் அது கிழடாகிவிட்டது. புதியது வேண்டும். சோவியத் அரசு எங்கே போயிற்று? பில்சனுக்கு, ஸ்கோடாவிடம்! முதலாளித்துவத் தொழிற்சாலையிடம் பொதுவுடைமை அரசு மலைப் பீரங்கி உரிமம் கேட்டது. செக்கோஸ்லோவாக்கியாவுக்கோ குண்டுவீச்சு விமானம் வேண்டியிருந்தது. பண்டமாற்று நடந்தது. ஸ்கோடாவின் பீரங்கி மாஸ்கோவுக்கு, சோவியத் வடிவமைப்பாளர் டுப்பொலேவின் எஸ்.பி. குண்டுவீச்சு விமான உரிமம் பிராகாவுக்கு.

லெனின்கிராடில் கோர்லிட்ஸ்கி என்ற வடிவமைப்பாளர் அந்த ஸ்கோடாப் பீரங்கியைச் சோவியத் கைக்கும் 76.2 மில்லிமீட்டருக்கும் ஏற்றபடி திருத்தினார். 1938 மாதிரி என்று பெயரிட்டார்கள். சுமார் 785 கிலோ. 1939 மார்ச்சில் ஹிட்லர் பிராகாவுக்குள் நுழைந்தார். ஸ்கோடா ஆலையும், அந்த விமானங்களும் ஜெர்மானியர் கைக்குள். 1941இல் அவர்கள் சோவியத் நாட்டுக்குள் நுழைந்து, இந்த 1938 மாதிரிப் பீரங்கிகளைப் பிடித்தார்கள். பில்சனில் வரைந்த வடிவம், அதே பில்சன் இப்போது அவர்கள் ஆட்சியில். அதிகாரி பேரேட்டைத் திறந்தார், எண் 307 என்று எழுதினார், பக்கத்தில் 'ஆர்' என்று போட்டார். ரஷ்யப் பொருள்.